விழிப்புக்கு ஒரு மாத்திரை

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

தேர்வு நெருங்கும் நாள்களில் நம் கல்லூரியில் மூன்று பொருள்களுக்குக் கிராக்கி மிகுதி. ஒன்று, சென்ற ஆண்டு வினாத்தாள். இரண்டு, முன்வரிசையில் அமரும் மாணவியரின் குறிப்பேடு. மூன்றாவது, அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்டது: தூக்கத்தை விரட்டும் மாத்திரை. முதலிரண்டைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நானும் இரவல் வாங்கியவன்தான். மூன்றாவதைப் பற்றியே இங்கு எழுத வந்தேன். உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. அப்படி ஒரு மாத்திரையை நானே ஒருமுறை விழுங்கியவன். அதுவும் பிறருடைய மாத்திரையை.

எங்கள் ஊர் மகாராஜபுரம். பெயரைக் கேட்டதும் கர்நாடக இசை நினைவுக்கு வரும் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். அது தஞ்சைப் பக்கத்து மகாராஜபுரம். எங்களுடையது வத்திராயிருப்பை அடுத்தது. அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் தாணிப்பாறைக்கு முன்னால் கடந்து செல்லும் ஊர். தென்னந்தோப்பும் மலையுமாக இருக்கும். அங்கே என் அக்கா மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான்.

அவனை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. வால், குரங்கு, சனி என்று பல பட்டங்கள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் எழுந்து விடுவான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இருந்த பென்சில் திரும்பும்போது இருக்காது. ஒரு மாதத்தில் பதினேழு பென்சில் வாங்கியதாக அத்தான் கணக்குச் சொன்னார். கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். பதில் சரியாகவும் இருக்கும், ஆனால் எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் கை நின்று விடும். வகுப்பில் முழங்கால் போட்டு நின்ற நாள்களே மிகுதி. அக்கா அடித்தாள். அத்தான் அடித்தார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கயிற்றையும் தொலைத்து விட்டு வந்தான்.

பள்ளிக்குப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த மருத்துவக் குழுவில் இருந்த ஓர் அம்மையார்தான் முதலில் சந்தேகப்பட்டு, மதுரைக்கு அழைத்துப் போங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். அத்தானுக்குத் தோப்பு வேலை. ஆகையால் அக்காவுக்குத் துணையாக நான் போனேன். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் என்று மூன்று மணி நேரப் பயணம். மருத்துவர் இரத்தம் எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார். வீட்டில் மட்டும் இப்படியா, பள்ளியிலும் இப்படியா? எத்தனை மாதமாக? எந்த வயதில் தொடங்கியது? ஆசிரியை நிரப்பித் தர வேண்டிய தாள் ஒன்றையும் கொடுத்தார். இரண்டு இடங்களிலாவது தொல்லை இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பவை இந்நோயைக் கண்டறியும் விதிகளில் சில என்று பின்னர் அறிந்தேன். ஏ.டி.எச்.டி. என்று சொன்னார். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். நடத்தைப் பயிற்சி சில மாதம் நடந்தது. ஓரளவு பயன் இருந்தது. அதன் பிறகே மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரையைத் தொடங்கினார்: காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று.

முதல் வாரத்தில் ஒரு மாலை, சொல்வதெழுதுதல் ஒரு பக்கத்தை எழுந்திருக்காமல் முடித்தான். முடித்து விட்டு என்னைப் பார்த்து, "மாமா, சத்தம் கொறஞ்சிருச்சு" என்றான். எங்கள் வீட்டில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. அவன் சொன்னது எந்தச் சத்தம் என்பது எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று.

மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரு செய்திப் பொருள்கள் நரம்பணுக்களுக்கு இடையே சுரந்து, வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. உறிஞ்சுவதை இந்த மருந்து தடுக்கிறது. பொருள் இடைவெளியில் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. தாத்தா காலத்து வானொலிப் பெட்டியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது இரைச்சலுக்குள் பாட்டு கேட்குமே, அதில் முள்ளைக் கொஞ்சம் நகர்த்துவது போல என்று வைத்துக்கொள்ளலாம். குமிழை விட்டால் பழையபடி இரைச்சல்தான். சாதாரண மாத்திரையின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்து விடும். விலையும் இல்லாமல் இல்லை: பசி மந்திக்கிறது, தூக்கம் தள்ளிப் போகிறது, நாடி சற்று ஏறுகிறது. மதுரையில் ஒவ்வொரு முறையும் அவனை எடை போட்டு, உயரம் அளந்து, இரத்த அழுத்தம் பார்த்த பிறகே அடுத்த சீட்டு.

அந்தச் சீட்டும் சாதாரணச் சீட்டு அன்று. மெத்தில்பெனிடேட் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள். மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையைச் சேர்ந்தது. தனி உரிமம் பெற்ற கடையில்தான் விற்கலாம். பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதி. ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு காலம் பாதுகாக்க வேண்டும். வேண்டிய கட்டுப்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாதத்துக்கு அறுபது மாத்திரை என்றால் அறுபதே என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஊர்த் தேநீர்க் கடையில் செய்தி பரவியது. "பச்சப் புள்ளைக்குப் புத்திக்கு மாத்திரையாம்ல! எங்க காலத்துல இந்த நோவெல்லாம் இருந்துச்சா?" என்றார் ஒரு பெரியவர். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் காலத்திலும் இருந்திருக்கிறது. படிப்பு ஏறவில்லை என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, மாடு மேய்க்கவோ தோப்புக்கோ அனுப்பினார்கள். மரம் ஏறுகிறவனுக்கும் மாட்டின் பின்னால் ஓடுகிறவனுக்கும் உட்கார முடியாமை ஒரு நோயாகத் தெரிந்திருக்காது. இன்றைக்கு எல்லாப் பிள்ளையும் ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். அந்தப் பெஞ்சைத் தாண்டினால்தான் எதுவும் உண்டு என்று நாமே உலகத்தை ஆக்கி வைத்திருக்கிறோம். அப்படியானால் தவறு பெஞ்சின் மீதா, பிள்ளையின் மீதா? பாதிப் பாதி என்றுதான் எனக்குப் படுகிறது. பெஞ்சு மாறும் வரை பிள்ளை காத்திருக்க முடியாது.

பெரியவரின் ஐயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். 1999இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளைப் பதினான்கு மாதம் கவனித்து ஓர் ஆய்வு வெளியானது. மருந்தை ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த குழந்தைகளின் கவனம், வெறும் நடத்தைப் பயிற்சி பெற்றோரைவிட நன்கு தேறியிருந்தது. ஆனால் மூன்றாண்டு கழித்து அதே குழந்தைகளைப் பார்த்தபோது அந்த வேறுபாடு மங்கி விட்டிருந்தது. ஆகவே மாத்திரை வாழ்நாள் வரம் அன்று. துடுக்கான பிள்ளைக்கெல்லாம் கொடுக்க வேண்டியதும் அன்று. கண்டறிந்து, அளந்து, தேவையா என்று அவ்வப்போது கேட்டுக் கொடுக்க வேண்டிய ஒன்று.

வரலாற்று மாணவன் ஆதலால் இந்த மருந்துகளின் பூர்வீகத்தையும் தேடிப் படித்தேன். 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நார்கோலெப்சி என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிடும்போது கூட, தடுக்க முடியாத உறக்கம் வந்து ஆளைச் சாய்த்து விடும். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தாலே முழங்கால் மடங்கும். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் இவர்களிடம் அழிந்து போயிருக்கின்றன; அந்தப் பொருளே 1998இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்நோயாளிகளுக்குத்தான் 1935இல் ஆம்பெட்டமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் வகுப்புகளில் "கும்பகர்ணன்" என்று பட்டம் பெற்றவர்களில் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம் என்பதை எண்ணினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாண்டு கழித்து, 1937இல், அமெரிக்காவின் ஈஸ்ட் பிராவிடன்ஸில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், முதுகுத்தண்டு நீர் எடுத்துச் செய்த சோதனையால் தலைவலி கண்ட பிள்ளைகளுக்கு அதே ஆம்பெட்டமினைக் கொடுத்தார். தலைவலிக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளில் பதினான்கு பேரின் பாடம் வியக்கத்தக்க அளவு முன்னேறியது. "கணக்கு மாத்திரை" என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்களாம். மெத்தில்பெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்து வேதியியலார் லியாண்ட்ரோ பானிசோன் ஆக்கியது. தம் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று அழைத்தார்.

நலமாக இருப்பவர்களை விழித்திருக்க வைக்கும் ஆசையும் அக்காலத்திலேயே பிறந்து விட்டது. 1940 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே ஜெர்மானியப் படைகளுக்கு வழங்கிய பெர்விட்டின் மாத்திரைகள் மூன்றரைக் கோடி. போர் முடிந்த பின் ஜப்பானில் இவ்வகை மாத்திரை ஊரெங்கும் பரவி, 1951இல் தனிச் சட்டம் இயற்றித் தடுக்க வேண்டியதாயிற்று. பிரான்சில் நார்கோலெப்சிக்கென வந்து, 1998இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற மோடாபினில் இவற்றைவிடச் சாதுவானது என்பார்கள். நம் விடுதியில் கைமாறுவது பெரும்பாலும் இதுவே. இதுவும் மருத்துவர் சீட்டுக்கு உரிய மருந்துதான். எந்தக் கடையில், எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இனி என் கதை. ஐந்தாம் பருவத் தேர்வு. மறுநாள் இந்திய வரலாறு. நான் பாதிப் பாடத்தைத் திறக்கவே இல்லை. இரவு பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அலமாரியில் மருமகனின் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது நமக்கு என்ன செய்து விடும் என்று ஒன்றைப் பிதுக்கி விழுங்கி விட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் உலகம் தெளிவானது போல் இருந்தது. நெஞ்சு மட்டும் கொஞ்சம் வேகமாக அடித்தது. 1806 வேலூர்ப் புரட்சியை எடுத்தேன். எழுதினேன். கையெழுத்து பிடிக்காமல் மறுபடி எழுதினேன். தலைப்புகளுக்குச் சிவப்பு மை, ஆண்டுகளுக்குப் பச்சை மை, ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு. இரவு மூன்று மணிக்கு என்னிடம் உலகிலேயே அழகான வேலூர்ப் புரட்சிக் குறிப்பு இருந்தது. மற்ற அலகுகள் திறக்காதது திறக்காதபடியே இருந்தன. அதன் பிறகும் உறக்கம் வரவில்லை. தேர்வில் வேலூர் வரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வந்த கேள்வியில் முதலாவதற்குப் பதினோரு பக்கம் எழுதி, கடைசி இரண்டுக்கு நேரமில்லாமல் எழுந்து வந்தேன். தேறினேன், தேறினேன் என்று மட்டும் சொல்லலாம்.

எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்திருந்தேன். பிறகு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். நலமான நாற்பது இளைஞர்களுக்கு மெத்தில்பெனிடேட், டெக்ஸ்ஆம்பெட்டமின், மோடாபினில், வெறும் மாவு மாத்திரை என்று வெவ்வேறு நாளில் கொடுத்து, ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். பையில் இவ்வளவு எடைதான் கொள்ளும். பல விலை, பல எடையுள்ள பொருள்களில் எவற்றைப் போட்டால் மதிப்பு மிகும்? சந்தைக்குச் சாக்கோடு போகிற எவரும் போடுகிற கணக்குதான். மருந்து உண்ட நாளில் அவர்கள் கூடுதல் நேரம் முயன்றார்கள், பொருள்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். முயற்சியின் தரமோ குறைந்தது. மாவு மாத்திரை உண்ட நாளில் சராசரிக்கு மேல் செய்தவர்கள், மருந்து உண்ட நாளில் சராசரிக்குக் கீழே போகவும் செய்தார்கள். என் சிவப்பு மையும் பச்சை மையும் நினைவுக்கு வந்தன. நிலையம் சரியாகப் பிடிபட்டிருக்கும் வானொலியில் குமிழைத் திருகினால் வேறென்ன ஆகும்?

கணிதத் துறை நண்பன் ஒருவன் இதை ஒப்பவில்லை. "பால் எர்டிஷ் ஆம்பெட்டமின் போட்டுக்கொண்டுதானே அத்தனை கணக்கும் போட்டார்?" என்றான். எர்டிஷ் நமக்கு அந்நியர் அல்லர்; 1975இல் சென்னை விவேகானந்தா கல்லூரியில் இளங்கலை மாணவராக இருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடியைப் பார்ப்பதற்காகவே தம் பயணத்தைத் திருப்பிச் சென்னைக்கு வந்த பெருந்தகை. 1979இல் நண்பர் ஒருவரிடம் 500 டாலர் பந்தயம் கட்டி ஒரு மாதம் மாத்திரையை விட்டார், வென்றார், கணிதம் ஒரு மாதம் பின்தங்கியது என்று குறைப்பட்டும் கொண்டார். எல்லாம் உண்மை. ஆனால் அவர் மாத்திரையைத் தொடங்கியது 1971இல் தாயார் மறைந்த துயரத்தில் என்கிறார்கள். பெர்ட்ராண்டின் கூற்றுக்கு எளிய நிறுவல் கண்டது இருபது வயதை எட்டுமுன். பகா எண் தேற்றத்துக்கு எளிய வழி வந்தது 1949இல். மாத்திரையா எர்டிஷை ஆக்கியது? நண்பன் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தேர்வில் இழந்தது என் பாடு. அதற்காக இக்கட்டுரையை எழுத மாட்டேன். அக்கா ஞாயிறு இரவுகளில் மாத்திரைகளை எண்ணுவாள். அந்த ஞாயிறு ஒன்று குறைந்தது. மருமகனைக் கூப்பிட்டாள். "துப்பிட்டியாடா? தூக்கிப் போட்டியா?" இல்லை என்றான். ஓர் அடி விழுந்தது. இல்லை என்றான். இரண்டாவது அடி விழுந்ததும், "ஆமாம்மா, நான்தான் தொலைச்சுட்டேன்" என்றான்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவன் வாழ்க்கையில் தொலைந்தவை எல்லாம் அவன் தொலைத்தவையே; பென்சில், கயிறு, செருப்பு. இதையும் தானே தொலைத்திருப்போம் என்று அவன் நம்பி விட்டான். மாதக் கடைசி நாளின் நண்பகலில் அவனுக்கு மாத்திரை இல்லை. அன்று மாலை முழங்காலில் மண்ணோடு வீட்டுக்கு வந்தான்.

இந்த மாத்திரை தேவைப்படுகிறவன் கிராமத்தில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது மூன்று மணி நேரப் பயணமும் இரட்டைச் சீட்டும். தேவைப்படாதவன் கையில் அதன் சொந்தக்கார மாத்திரை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து விடுகிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. வத்திராயிருப்பு போன்ற ஊர்களுக்கு மாதம் ஒருநாளாவது மனநல மருத்துவர் வந்து, இத்தகைய பிள்ளைகளைப் பார்த்து, மருந்தும் அங்கேயே கிடைக்கச் செய்தால் எத்தனையோ அக்காமார் பேருந்து ஏற வேண்டியிராது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் கற்றல் குறைபாடு இடம் பெற்றிருக்கிறது. கவனக்குறைவு தனி வகையாக இல்லை. அதையும் அறிந்தோர் கேட்க வேண்டும். பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: கடைசிப் பெஞ்சில் நாள்தோறும் தூங்குகிறவனையும், மூன்றாண்டாக ஒரு பயிற்சியேட்டைக்கூட முடித்துக் கொடுக்காதவளையும் வெளியே அனுப்புமுன் ஒருமுறை தனியே அழைத்துக் கேளுங்கள். பெண்பிள்ளைகளில் பலர் ஓடியாடாமல், சன்னலைப் பார்த்தபடியே இந்நோயோடு அமர்ந்திருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லையாம். விடுதி நண்பர்களுக்கு நான் சொல்லக் கூடியது, வேலூர்ப் புரட்சிக் குறிப்பு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயத்தை அக்காவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. மருமகனிடமும் சொல்லவில்லை. அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்லூரி மலர் வீட்டுக்கு வந்தால் என் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவது அவள்தான். மலர் அச்சாகி வருவதற்குள் நானே சொல்லி விட வேண்டும்.